பழைய பைத்தான் ஒரு வாய்தாதான்

நீலகிரியில் ஊருக்கு நிரல் எழுதித் தரும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர் என்று நம் மாவட்டத்தின் மூலைமுடுக்கிலிருந்து கணினி படிக்கப் போய், படித்த கையோடு ஊருக்குச் சின்னச் சின்ன நிரல்கள் எழுதிக் கொடுத்தவர்கள் நீங்கள். தேயிலைக் கொழுந்துக் கணக்கைக் கூகுள் ஷீட்டில் ஏற்றும் நிரல், நாளைய மழையைக் கேட்டு டெலிகிராம் குழுவில் போடும் நிரல், பள்ளி ஆண்டு விழாப் படங்களை மொத்தமாக இணையத்தில் ஏற்றும் நிரல். யாரும் கூலி கேட்கவில்லை. பிறகு கோவைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விட்டீர்கள், அதுவும் நியாயம்தான். நிரல் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அது நின்றுபோனால் கீழ் கோத்தகிரியில் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். நானும் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பது ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

உங்களுக்குப் போன் செய்தால் அநேகமாக எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறீர்கள்: "அண்ணா, புது பைத்தான்ல அந்த லைப்ரரி ஓடாது. பழைய பைத்தானைப் போட்டுக்கோங்க."

வெறும் கூட்டல் கழித்தல் செய்யும் நிரலுக்கு இந்தப் பதில் போதும். இணையத்தில் இன்னொருவர் வைத்திருக்கும் சேவையோடு பேசுகிற நிரலுக்கு இது வாய்தா வாங்குவது மட்டுமே. வழக்கு அப்படியே இருக்கும், தேதி தள்ளிப்போகும். அதை விளக்கத்தான் இந்த மடல்.

எங்கள் பக்கத்து இலை நிறுக்கும் கொட்டகை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே தராசு மேசைக்குக் கீழே ஒரு ராஸ்பெர்ரி பை இருக்கிறது. மாலை ஆனதும் நாளைய மழை முன்னறிவிப்பை ஓர் இணையச் சேவையிடம் கேட்டு, விவசாயிகள் குழுவுக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பும். உரம் போடலாமா, மருந்து அடிக்கலாமா என்பதை அந்த ஒரு வரியைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கரண்ட் போய்ப் போய் வந்ததில் எஸ்டி கார்டு கெட்டுவிட்டது. புது கார்டு வாங்கி, புது இயங்குதளம் ஏற்றினோம். 2025-இல் வந்த டெபியன் 13-ஐ அடிப்படையாகக் கொண்டது அது, உள்ளே இருப்பது பைத்தான் 3.13. பென் டிரைவில் பத்திரமாக இருந்த நிரலை எடுத்துப் போட்டு ஓட்டினால் முழநீளத்துக்கு எர்ரர். கடைசி வரி இதுதான்: 'மாட்யூல் நாட் ஃபவுண்ட் எர்ரர், நோ மாட்யூல் நேம்டு ஐஎம்ஜிஹெச்டிஆர்.'

இந்த ஐஎம்ஜிஹெச்டிஆர் என்ன செய்யும் தெரியுமா? ஒரு கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்து, அது ஜேபெக் படமா, பிஎன்ஜியா, ஜிஃப்பா என்று சொல்லும். அவ்வளவுதான். நாங்கள் அனுப்புவதோ 'நாளை மழை வாய்ப்பு அதிகம்' என்று ஒரு வரி எழுத்து. படத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் செய்தி அனுப்பும் லைப்ரரிக்குப் படம் அனுப்பவும் தெரியும். அதற்காக அந்த மாட்யூலைத் தன் கோப்பின் தலைப்பிலேயே இறக்குமதி செய்து வைத்திருக்கிறது. தலைப்பில் ஒன்று இல்லையென்றால் மொத்த லைப்ரரியும் எழுந்திருக்காது. நீங்கள் பயன்படுத்தாத ஒரு வசதிக்காக நீங்கள் பயன்படுத்தும் வசதி நின்றுபோகிறது. பழைய லைப்ரரிகள் புது பைத்தானில் உடைவதில் பெரும்பகுதி இந்த மாதிரிதான்.

சரி, அந்த மாட்யூலைத் தனிப் பொதியாகப் பைபிஐ தளத்தில் யாரோ புண்ணியவான்கள் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டதும் லைப்ரரி எழுந்தது. மழையைக் கேட்கப் போனால், எதிர்முனையிலிருந்து 'அப்படி ஒரு முகவரியே இல்லை' என்று பதில். முன்னறிவிப்பு தரும் சேவை தன் ஏபிஐயின் பழைய பதிப்பை எப்போதோ மூடிவிட்டது. நம் லைப்ரரியோ பழைய கதவையே தட்டிக்கொண்டிருந்தது. பேச்சுக்குச் சொல்கிறேன், 3.13-ஐ எடுத்துவிட்டு 3.8-ஐப் போட்டிருந்தாலும் இதே சுவரில்தான் போய் முட்டியிருப்போம்.

இதைவிட மோசமானது ஒன்று இருந்தது. கார்டு கெடுவதற்கு முன்பே பல நாட்களாக மழைச் செய்தி போகவில்லை. குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. விசாரித்தபோது ஒரு பெரியவர் சொன்னார்: "மெசேஜ் வரல, சரி மழ இல்லபோலன்னு நெனச்சுக்கிட்டோம் தம்பி." நிரலைத் திறந்து பார்த்தால் 'எக்செப்ட்: பாஸ்' என்று இரண்டு வரி. எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிட்டுப் பேசாமல் இரு என்று பொருள். கல்லூரித் திட்டப்பணியை ஆசிரியர் முன் ஓட்டிக் காட்டும்போது திரையில் சிவப்பாக எதுவும் வந்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்டிருப்பார்கள், புரிகிறது. ஊருக்குக் கொடுக்கும்போது அதை எடுத்துவிட வேண்டாமா? கோத்தகிரிப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரமெல்லாம் மண் சரிந்து, மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. நம் நிரலை நம்பி யாரும் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் போவதில்லை, அதற்கு வானிலை ஆய்வு மையமும் மாவட்ட நிர்வாகமும் இருக்கின்றன. ஆனாலும் மழையைப் பற்றிப் பேசும் ஒன்று, தன்னால் இன்று பேச முடியவில்லை என்பதையாவது வாய்திறந்து சொல்ல வேண்டும்.

இனி பைத்தானின் பக்கத்துக்கு வருகிறேன். "இவங்க சும்மா சும்மா மாத்தறாங்க" என்று நீங்கள் சலித்துக்கொள்வது காதில் விழுகிறது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எடுத்துவிடப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லாமல் அவர்கள் எடுத்தது அபூர்வம்.

'கலெக்ஷன்ஸ்' மாட்யூலில் இருந்த 'மேப்பிங்' போன்ற பெயர்களைப் பாருங்கள். 2012-இல் வந்த 3.3-இலேயே அவற்றை 'கலெக்ஷன்ஸ்.ஏபிசி' என்ற புது இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய இடத்திலும் கொஞ்ச காலம் கிடைக்கும் என்றார்கள். உடைந்துபோகும் நிரல்கள் ஏராளம் என்று தெரிந்ததால் தள்ளித் தள்ளிப் போட்டு, 2021 அக்டோபரில் 3.10 வந்தபோதுதான் எடுத்தார்கள். ஒன்பது வருஷ அவகாசம். நம் ஐஎம்ஜிஹெச்டிஆர் கதையும் அப்படித்தான். காலாவதியான மாட்யூல்களை நீக்கலாம் என்று கிறிஸ்டியன் ஹைம்ஸும் பிரெட் கேனனும் எழுதிய முன்மொழிவு, பெப் 594, அவற்றை நேரடியாகவே 'செத்த பேட்டரிகள்' என்று அழைத்தது. 2022-இல் வந்த 3.11 எச்சரித்தது, 2024 அக்டோபரில் வந்த 3.13 அவற்றில் 19-ஐ நீக்கியது. சிஜிஐ, டெல்நெட்லிப், ஆடியோவாப் எல்லாம் அந்த 19-இல் சேர்த்தி.

அப்படியானால் அந்த எச்சரிக்கைகள் ஏன் நம் கண்ணில் படவில்லை? இதுதான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்பும் சமாச்சாரம். 'டெப்ரிகேஷன் வார்னிங்' என்ற அந்த வகை எச்சரிக்கையைப் பைத்தான் இயல்பாகக் காட்டாது. 2.7, 3.2 காலத்திலிருந்தே அப்படி. சாதாரணப் பயனாளி பயந்துவிடக் கூடாது என்பது நோக்கம். 3.7-இலிருந்து நீங்கள் நேரடியாக ஓட்டும் கோப்பில் உள்ளதை மட்டும் காட்டுகிறது. பிப் வழியாக வந்த லைப்ரரிக்குள் இருப்பதைக் காட்டுவதில்லை. ஆக, லைப்ரரி வருஷக்கணக்கில் எச்சரிக்கையைக் கொட்டிக்கொண்டிருக்கும், நாம் பார்க்கவே மாட்டோம். பைத்தானை ஓட்டும்போது ஒரு ஹைஃபன், பெரிய எக்ஸ், இடம் விட்டு 'டெவ்' என்று சேர்த்துக் கொடுங்கள். மறைந்திருந்ததெல்லாம் வெளியே வரும். அடுத்த பதிப்பில் என்ன உடையும் என்பதற்கு அதைவிட நல்ல ஜாதகம் கிடையாது.

முன்கூட்டிச் சொல்லியும் உடைந்ததற்கு இன்னோர் உதாரணம் ட்வீப்பி, உங்களுக்குத் தெரிந்திருக்கும். ட்விட்டரோடு பேசும் பைத்தான் லைப்ரரி. கல்லூரியில் 'சென்டிமென்ட் அனாலிசிஸ்' திட்டப்பணி செய்தவர்களில் பாதிப்பேர் அதைத் தொட்டிருப்பீர்கள். அதில் ஒரு ஃபங்ஷனுக்கு 'ஏசிங்க்' என்று ஒரு பாராமீட்டர் வைத்திருந்தார்கள். வைக்கும்போது அது சாதாரணப் பெயர். 2015-இல் 3.5 வந்தபோது ஏசிங்க், அவெயிட் இரண்டும் மொழிக்குள் நுழைந்தன, 3.7-இல் முழு ஒதுக்கச் சொற்களாகிவிடும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். 2018 ஜூனில் 3.7 வந்தது. ட்வீப்பியை இம்போர்ட் செய்தாலே 'சின்டாக்ஸ் எர்ரர்'. அந்த ஃபங்ஷனை நீங்கள் கூப்பிடவே வேண்டாம், கோப்பைப் படிக்கும்போதே பைத்தான் முகம் சுளித்துவிடும். அந்த ஆண்டு முடிவதற்குள் பெயரை 'இஸ் அண்டர்ஸ்கோர் ஏசிங்க்' என்று மாற்றிய பதிப்பை வெளியிட்டார்கள். ஒரு வரி வேலை. ஆனால் பழைய பதிப்பு எண்ணை நிரலில் கட்டிப்போட்டு வைத்திருந்தவர்கள் அதற்குப் பிறகும் வெகுநாள் 3.6-க்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இறங்கி என்ன கண்டார்கள்? 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 31-ஆம் தேதியோடு கூகுள், உலாவியில் வரும் குறியீட்டை நகலெடுத்து முனையத்தில் ஒட்டி உள்நுழையும் பழைய ஓஆத் முறையை அடியோடு நிறுத்தியது. கட்டளை வரியில் ஓடும் எத்தனையோ கருவிகள் அந்த முறையைத்தான் நம்பியிருந்தன. பிப்ரவரி தொடக்கத்தில் ட்விட்டர் தன் இலவச ஏபிஐயை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மார்ச் 31-ஆம் தேதி டார்க் ஸ்கை வானிலை ஏபிஐ மூடப்பட்டது. ஆப்பிள் அதை 2020-லேயே வாங்கிவிட்டிருந்தது. மூன்றே மாதத்தில் மூன்று கதவுகள். இந்த மூன்றில் எதற்கும் உங்கள் கணினியில் எந்தப் பைத்தான் இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. 3.6-ஐப் பெட்டியில் பூட்டிப் பொக்கிஷம் போலக் காத்தவருக்கும், அன்றைக்கு வந்த புதியதை ஏற்றியவருக்கும் ஒரே நாளில் ஒரே பதில்தான் கிடைத்தது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் பைத்தானுக்கான டெலிகிராம் பாட் லைப்ரரி 20-ஆம் பதிப்புக்குத் தாவி, கூப்பிடும் முறையையே ஏசிங்க் வழிக்கு மாற்றியது. அக்டோபரில் 3.12 வந்து டிஸ்ட்யூட்டில்ஸ் மாட்யூலை எடுத்தது.

அந்த டெலிகிராம் லைப்ரரியின் 13-ஆம் வரிசைதான் நம் ஊர்களில் இன்னும் பரவலாக ஓடுகிறது. அதை 3.12-இல் போட்டால் 'சிக்ஸ்.மூவ்ஸ்' இல்லை என்று ஓர் எர்ரர் வரும். சிக்ஸ் என்பது பைத்தான் 2, 3 இரண்டிலும் ஒரே நிரல் ஓடுவதற்கான பழைய ஒட்டு. இரண்டு பெருக்கல் மூன்று ஆறு என்பதால் அந்தப் பெயர். உடனே பிப்பில் சிக்ஸைப் புதுப்பிக்கிறீர்கள், எர்ரர் போகவில்லை, தலையைச் சொறிகிறீர்கள். காரணம், அந்த லைப்ரரி தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு பழைய யூஆர்எல்லிப்3-ஐயும் அதற்குள் ஒரு பழைய சிக்ஸையும் நகலெடுத்து வைத்திருக்கிறது. நீங்கள் வெளியே எத்தனை சிக்ஸ் போட்டாலும் அது உள்ளே இருப்பதைத்தான் பார்க்கும். அமேசான் சேவைகளோடு பேசிய பழைய பொட்டோ லைப்ரரியும் 3.12-இல் இப்படியேதான் விழுந்தது. எர்ரரில் வரும் முழுப் பெயரைப் படியுங்கள். நடுவில் 'வெண்டர்' அல்லது 'வெண்டர்டு' என்று ஒரு சொல் இருந்தால், கோளாறு அந்த வயிற்றுக்குள்தான்.

ஒரு நிரல் பலரை நம்பி நிற்பதற்குத் தமிழில் நல்ல உதாரணம் விக்கிமூலத்துக்காக எழுதப்பட்ட ஓசிஆர் கருவி. கணியம் அறக்கட்டளையின் த. சீனிவாசன் எழுதிய 'ஓசிஆர்ஃபார்விக்கிசோர்ஸ்'. பிடிஎஃப் நூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கப் படத்தையும் கூகுள் டிரைவுக்கு அனுப்பி, கூகுள் படித்துக் கொடுக்கும் எழுத்தை வாங்கி, விக்கிமூலப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும். பைத்தான் 2 காலத்தில் எழுதப்பட்டது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் தமிழ் விக்கிமூலத்தில் இன்று தேடிப் படிக்கும் எழுத்தாக இருப்பதற்கு இந்த வழிதான் அடித்தளம். தட்டச்சு செய்து முடிக்கத் தலைமுறைகள் ஆகியிருக்கும் வேலை அது. எனக்கு அந்தக் கருவிமேல் பெரிய மரியாதை உண்டு.

அப்படிப்பட்ட ஒரு கருவி எத்தனை பேரை நம்பி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பைத்தான் 2 என்ற மொழி, அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதி முடிந்தது. கூகுளின் டிரைவ் ஏபிஐ. அதற்குள் நுழைய ஓஆத். பழைய பைத்தான் கருவிகள் அதற்குப் பயன்படுத்திய ஓஆத்2கிளையன்ட் லைப்ரரியைக் கூகுளே கைவிட்டு, வேறொன்றைக் காட்டிவிட்டது. மறுமுனையில் விக்கியின் ஏபிஐ. இதில் ஏதாவது ஒரு கால் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். பைத்தான் 2-ஐப் பிடித்துக்கொண்டால் ஒரு காலை மட்டும் பிடித்துக்கொண்டதாகும். தன்னார்வலர்கள் எழுதி, தன்னார்வலர்கள் ஓட்டும் கருவிகளுக்கு இந்தச் சுமை இன்னும் அதிகம். நிறுவனம் என்றால் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் புதுப்பிக்கும். இங்கே ஓய்வு நேரத்தில் யாராவது உட்கார வேண்டும்.

உட்கார்வது என்றால் எப்படி என்று கேட்பீர்கள். முதலில் எர்ரரைக் கீழிருந்து மேலே படியுங்கள். கடைசி வரி என்ன உடைந்தது என்று சொல்லும், அதற்கு மேலே உள்ள கோப்பின் பாதை யாருடையது உடைந்தது என்று சொல்லும். பாதையில் 'சைட்-பேக்கேஜஸ்' என்று இருந்தால் லைப்ரரி, இல்லையென்றால் பெரும்பாலும் உங்கள் நிரல். இதைப் பார்க்காமலே எர்ரர் முழுவதையும் சாட்பாட்டில் ஒட்டி, அது சொல்லும் நாலு கட்டளைகளையும் வரிசையாக அடித்துவிட்டு, "இன்னும் மோசமாயிடுச்சு அண்ணா" என்பவர்களை எனக்குத் தெரியும். பிறகு பைபிஐ தளத்தில் அந்த லைப்ரரியின் பக்கத்துக்குப் போய்க் கடைசி வெளியீடு எந்தத் தேதி என்று பாருங்கள். புது பதிப்பு இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும், மீதிப் பாதி அதன் மாற்றக் குறிப்பில் இருக்கும். கடைசி வெளியீடே ஐந்தாறு வருஷத்துக்கு முந்தியது என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

உபுண்டு 24.04-இலோ புது ராஸ்பெர்ரி பையிலோ பிப் கட்டளை கொடுத்ததும் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று மறுத்தால், அது உங்களைத் தடுக்கும் சதி இல்லை. இயங்குதளம் தன் சொந்த வேலைக்கு அந்தப் பைத்தானைத்தான் பயன்படுத்துகிறது. அதில் கைவைக்காதே என்கிறது. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று ஒரு வழியும் அதிலேயே எழுதியிருக்கும். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, இருந்தும் அதைத்தான் முதலில் அடிக்கிறீர்கள். வென்வ் போட்டுக்கொள்ளுங்கள், ஒரே ஒரு கட்டளை. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸை'விட மோசம், இயங்குதளத்தோடு வந்த பைத்தானை அகற்றிவிட்டுப் பழையதை ஏற்றுவது. அப்படிச் செய்து பொதிகளை நிறுவும் வழியே அடைத்துப்போன ஒரு மடிக்கணினியை நானே பார்த்திருக்கிறேன். பழைய பைத்தான் தேவைதான் என்றால் பைஎன்வ், யூவி போன்ற கருவிகள் அதைத் தனியாகக் கொண்டுவந்து வைக்கும். நாளைக்குச் சம்பளக் கணக்கு போயாக வேண்டும், இன்று ராத்திரி நேரமில்லை என்றால் தாராளமாக அதைச் செய்யுங்கள். வாய்தாவுக்கும் ஒரு பயன் உண்டு. வாங்கிய தேதியை மட்டும் எழுதி வையுங்கள்.

ஏன் என்றால் பழையதில் தங்குவதற்கும் கெடு இருக்கிறது. ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் ஐந்து ஆண்டுதான் ஆயுள், அதன் பின் பாதுகாப்புத் திருத்தமும் கிடையாது. 3.8-க்கு 2024-இலும், 3.9-க்கு 2025-இலும் முடிந்துவிட்டது. நம் நிரலுக்குள் ஏபிஐ சாவி இருக்கிறது. சில இடங்களில் அந்தச் சாவிக்குப் பின்னால் யாருடைய கிரெடிட் கார்டோ இருக்கிறது. அதைப் பூட்டில்லாத வீட்டில் வைத்துவிட்டு வெளியூர் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இப்போது என் சொந்த அபிப்பிராயம். நம் ஊர் நிரல்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த லைப்ரரியே வேண்டாம்.

ஏபிஐ லைப்ரரி உள்ளே என்ன செய்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு முகவரியைக் கட்டுகிறது. சாவியைத் தலைப்பில் வைக்கிறது. ஹெச்டிடிபிஎஸ் வழியாக அனுப்புகிறது. திரும்பி வரும் ஜேசனைப் பிரித்து, அழகான பெயர்களோடு உங்கள் கையில் கொடுக்கிறது. கூடவே, அதிகமாகக் கேட்டால் வரும் 429 மறுப்புக்குப் பொறுத்திருந்து மறுபடி கேட்பது, பக்கம் பக்கமாக வரும் விடைகளைச் சேர்ப்பது, படம் ஏற்றுவது என்று நூறு வேலைகள். தினம் மாலை ஒரே ஒரு கேள்வி கேட்கும் கொட்டகை நிரலுக்கு அந்த நூறும் எதற்கு? ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியை வைத்து நாற்பது வரிக்குள் முடிந்துவிடும். அந்த ராஸ்பெர்ரி பையில் கடைசியில் அதைத்தான் செய்தோம். மழையைக் கேட்கும் லைப்ரரியும் போயிற்று, செய்தி அனுப்பும் லைப்ரரியும் போயிற்று. டெலிகிராமுக்குச் செய்தி அனுப்புவது ஒரே ஒரு போஸ்ட் அழைப்பு. முகவரி, குழு எண், எழுத்து, தீர்ந்தது. சேவை நாளைக்கு முகவரியை மாற்றினால் மாற்ற வேண்டியது ஒரு வரி, அது எங்கே இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். மறுப்பு வந்தால் நிரல் 'இன்று முன்னறிவிப்பு கிடைக்கவில்லை' என்று குழுவிலேயே சொல்கிறது. டெலிகிராமே கைவிட்டால்? அதற்காகக் கொட்டகையிலேயே ஒரு சின்ன சிவப்பு விளக்கு. அது கொஞ்சம் என் ஆசைக்குப் போட்டது.

இதை எல்லாவற்றுக்கும் செய்யாதீர்கள். ஓஆத் கையெழுத்தைக் கையால் எழுத உட்காராதீர்கள், கூகுள் உள்நுழைவைக் கையால் கட்டாதீர்கள். மறையாக்கமும் அனுமதியும் வருகிற இடத்தில், சேவை நடத்துபவரே பராமரிக்கும் லைப்ரரியின் இன்றைய பதிப்புதான் சரி. பணம் கைமாறும் இடமென்றால் கேட்கவே வேண்டாம்.

லைப்ரரி வேண்டும், பராமரிப்பவர் இல்லை, மாற்றும் கிடையாது என்று மூன்றாவது ஒரு நிலை உண்டு. அப்போது அதன் மூலநிரலைத் திறந்து நீங்களே திருத்துங்கள். பயப்பட ஒன்றுமில்லை. நான் மேலே சொன்ன உடைவுகளில் பல ஒரு வரி, இரண்டு வரி வேலைகள். 'கலெக்ஷன்ஸ்' என்பதை 'கலெக்ஷன்ஸ்.ஏபிசி' ஆக்குவது, படவகையைக் கோப்பின் பெயரிலிருந்து எடுத்துக்கொள்வது, ஒரு பாராமீட்டரின் பெயரை மாற்றுவது. திருத்தியதைச் சைட்-பேக்கேஜஸ் கோப்புறைக்குள்ளேயே விட்டுவிட்டுப் போவதுதான் தப்பு. அடுத்த கார்டு கெட்டால் உங்கள் திருத்தமும் அதோடு போகும். கிட்டில் ஒரு நகல் எடுத்து அதில் திருத்தி, மூலத் திட்டத்துக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். அங்கே யாரும் பார்க்காவிட்டால்கூட, அதே எர்ரரோடு தேடி வரும் அடுத்தவர் அதைக் கண்டுபிடிப்பார். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இன்னொரு பிள்ளை இதே ஐஎம்ஜிஹெச்டிஆரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

நம் மாநிலப் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தில் 2019 முதலே பைத்தான் இருக்கிறது. லூப் தெரிந்து, ஃபங்ஷன் தெரிந்து, லிஸ்ட் தெரிந்து கல்லூரிக்கு வருகிறீர்கள். நிரலோடு 'ரிக்வயர்மென்ட்ஸ்' கோப்பு வைப்பது, எந்தப் பைத்தானில் ஓடியது என்று முதல் வரியில் எழுதுவது, எந்தச் சேவையின் எந்தப் பதிப்பு ஏபிஐ என்று குறிப்பது, இதையெல்லாம் தேர்வில் யாரும் கேட்பதில்லை. அதனால் எழுதுவதுமில்லை. ஊரில் ஓடும் நிரலுக்கு அந்த மூன்று வரிகள் லூப்பைவிட முக்கியம் என்பது என் கட்சி. எழுதியவர் பெங்களூரில் இருக்கும்போது அவருக்குப் பதிலாகப் பேச வேறு யாரும் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2020 முதல் பைத்தானின் புது பதிப்பு ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது. நம் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில்தான் தொடங்குகிறது. புது பதிப்பின் கடைசிக்கட்டச் சோதனை வெளியீடு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கிடைத்துவிடும். செப்டம்பரில் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது நீங்கள் எழுதிக் கொடுத்த நிரலைத் திறந்து, ஒரு தனி வென்வில் அந்தச் சோதனைப் பதிப்பில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சேவையின் ஏபிஐ பக்கத்தில் மூடல் அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு மாலை வேலைதான். வர முடியாதவர்கள் நிரலின் கிட் முகவரியை மட்டும் ஊரில் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள், மீதியை இங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
கீழ் கோத்தகிரியிலிருந்து
உங்கள் அண்ணன்களில் ஒருவன்